காற்றேறிய பாயின் வடிவம்

நேயர்களுக்கு வணக்கம். பாய்மரப் படகு ஓட்டுபவரிடம் பாய் எப்படி இருந்தது என்று கேட்டால், 'நன்றாகப் புடைத்திருந்தது', 'சற்றே தட்டையாக இருந்தது' என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. பாய் தைப்பவர் பட்டறையில் ஒரு வடிவத்தைத் துல்லியமாகக் கொடுத்துத்தான் அனுப்புகிறார். ஆனால் காற்றேறியதும் துணி இழுபடுகிறது, பாய்மரம் வளைகிறது, கயிறுகள் நெகிழ்கின்றன. தைத்த வடிவம் வேறு, ஓடும் வடிவம் வேறு என்றாகிவிடுகிறது. படகைச் செலுத்துவது இந்த ஓடும் வடிவமே என்பதால், அதைக் கேமராவால் அளக்கிறோம்.

பாயின் கால், அரை, முக்கால் உயரங்களில், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அடர்நிறப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். படகு ஓடும்போது பாயின் அடிவிளிம்புக்குக் கீழே தளத்தில் படுத்து மேல்நோக்கிப் படமெடுத்தால், ஒவ்வொரு பட்டையும் ஒரு வில்லாகத் தெரியும். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். வில் நாணிலிருந்து மிக அதிகமாக விலகும் தூரம் பாயின் ஆழம். படத்தில் நாண் 800 பிக்சல், ஆழம் 96 பிக்சல் என்றால், ஆழம் 12 சதவீதம். அந்த ஆழம் நாணின் வழியே முன்விளிம்பிலிருந்து 360 பிக்சல் தள்ளி விழுந்தால், அதன் இடம் 45 சதவீதம். விகிதம் மட்டுமே வேண்டியிருப்பதால் பட்டையின் உயரம் தெரிய வேண்டியதில்லை. இந்த எளிமைதான் என்னை இம்முறையின்பால் ஈர்த்தது.

பலர் தவறுவது கேமராவின் சாய்வில். காற்றில் படகு சாய்ந்து ஓடும்போது, வானத்தை நேராக நோக்கிப் படமெடுத்தால் ஆழத்துக்கும் நாணுக்கும் உள்ள விகிதம் பிறழ்ந்துவிடும். படகோடு கேமராவும் சாய வேண்டும். அதாவது, அது பாய்மரத்தின் போக்கிலேயே மேல்நோக்க வேண்டும். அகலக்கோண லென்ஸ் படத்தின் ஓரங்களில் நேர்கோட்டையும் வளைத்துக் காட்டும் என்பதால், சதுரங்கக் கட்டம் போன்ற அச்சுத் தாளை அதே லென்ஸால் பல கோணங்களில் படமெடுத்து, அந்த வளைவைக் கணக்கிட்டு நீக்கிய பிறகே அளக்க வேண்டும். மேல் பட்டை படத்தில் மிகச் சிறிதாக விழுவதால், அங்கே இரண்டு பிக்சல் பிழைகூடக் கணக்கைக் கெடுக்கும்.

பாயின் முறுக்கு, அதாவது மேல் நாண் கீழ் நாணிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பது, எல்லாப் பட்டைகளும் ஒரே படத்தில் விழுந்தால்தான் தெரியும். முன்விளிம்பு எதிலும் கட்டப்படாமல் படகின் முன்னால் பறக்கும் முன்பாய்க்கு (ஸ்பின்னேக்கர் போன்றது) ஒரு கேமரா போதாது. பல கேமராக்கள் ஒரே நொடியில் எடுத்த படங்களிலிருந்து புள்ளிகளின் இடத்தை முக்கோணக் கணக்கால் பெற வேண்டும்.

ஒரே படத்தை நம்பாமல், ஒரே நிலையில் பத்துப் படமாவது எடுத்துச் சராசரி காணுங்கள். வீச்சுக் காற்று அடித்த நொடியில் பாய் தன் இயல்பான வடிவில் இருப்பதில்லை. காற்றின் வேகத்தையும், பாய்மரத்தைப் பின்னிருந்து இழுக்கும் கயிற்றின் இறுக்கத்தையும் அந்தப் படங்களின் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். கயிற்றை இறுக்கியதும் பாய்மரம் வளைந்து பாய் தட்டையாவதை, மறுமுறை எடுக்கும் படங்களில் எண்ணாகவே காண்பீர்கள்.