குதிரைக்கும் குழம்புக்கும் ஒரே சொல்

[திரையில்: ஆங்கில அகராதியின் ஒரு பக்கம். ‘கர்ரி’ என்ற சொல் இரண்டு முறை, 1, 2 என்ற எண்களுடன்]

வணக்கம். மேலதிகாரியைக் காக்கா பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்பார்கள். குழம்பு வைத்துக் கொடுத்துக் காரியம் சாதிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அதற்கும் குழம்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அகராதியில் எழுத்து மாறாமல் இரண்டு ‘கர்ரி’ உண்டு. தட்டில் இருப்பது நம் ‘கறி’. போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மற்றொன்று பழைய பிரெஞ்சுச் சொல். பதனிட்ட தோலை மெருகேற்றுவது, குதிரையைத் தேய்த்துவிடுவது என்று பொருள்.

[திரையில்: கபில நிறக் குதிரை, அதைச் சுற்றிக் கிரீடம் அணிந்தவர்கள்]

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஓர் அங்கதக் கவிதை எழுதப்பட்டது. அதன் நாயகன் ஃபோவேல் என்ற குதிரை, வஞ்சகத்தின் உருவம். அரசர்களும் போப்பும்கூடப் போட்டி போட்டுக்கொண்டு அதைத் தேய்த்துவிடுகிறார்கள்! முகத்துதி செய்வதை ஆங்கிலேயர் ‘கர்ரி ஃபேவல்’ என்றார்கள். பிறகு குதிரை மறந்துபோயிற்று. ‘ஃபேவல்’ வாய்க்குப் பழகிய ‘ஃபேவர்’ ஆகிவிட்டது. நாம் காக்கையைப் பிடித்தோம், அவர்கள் குதிரையைப் பிடித்தார்கள்.

அடுத்து ‘கேஷ்’. ரொக்கப் பணம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல். ‘காசு’தான் அப்படி ஆனது என்று மேடைகளில் கேட்டிருப்பீர்கள், கைதட்டலுக்கு நல்ல செய்தி, ஆனால் சரியில்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். அதே எழுத்துகளில் இன்னொரு ‘கேஷ்’ இருக்கிறது. அது நம் காசேதான்.

[திரையில்: 80 காசு = 1 பணம்; 42 பணம் = 1 வராகன்]

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கு இது. பணம், வராகன் இரண்டும் அன்றைய நாணயங்கள். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை கம்பெனி எழுத்தர்கள் ‘கேஷ்’ என்று எழுதினால் பெட்டியா, செப்புக்காசா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். நடுவில் சதுர ஓட்டையுள்ள சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்தார்கள்.

‘கேஷியர்’ என்றால் காசாளர். அதே எழுத்துகளில் ஒரு வினைச்சொல்லும் உண்டு: படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்குவது. கல்லாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘கொஞ்ஜி’ எனக்கு மிகப் பிடித்தது. இன்று ஹாங்காங் உணவகப் பட்டியலில் இருப்பது நம் கஞ்சி. பழைய ஆங்கில நூல்களிலோ ஒருவர் எழுந்து, ‘கொஞ்ஜி’ செய்து, வெளியேறுவார். கஞ்சி குடித்துவிட்டுப் போனாரா? இல்லை, குனிந்து வணங்கி விடைபெற்றார். விடைகொடுத்தலைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது.

எழுத்து ஒன்று மட்டும் மாறும் இணையும் இருக்கிறது. ‘காயர்’ கயிற்றோடு உறவுள்ள தென்னை நார். நடுவே ஓர் எச் நுழைந்தால் ‘குவயர்’, தேவாலயப் பாடகர் குழு. அந்தக் குழுவின் பெயரை முன்பு க்யூ போட்டு எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டலில் இன்னொரு சொல்லும் உண்டு, நீங்கள் பள்ளிக்கு எடுத்துப்போனதுதான்.

[திரையில்: பழுப்பு அட்டை போட்ட இரண்டு குயர் நோட்டு]