நாம்சே ஏற்றம்: கடற்கரைக் கால்கள் திணறும் நாள்

[காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, விடியற்காலை நடைப்பயிற்சிக் கூட்டம்]

வணக்கம். இந்தச் சாலையில் மூன்று மாதம் நடந்துதான் எவரெஸ்ட் அடிவார முகாம் பயணத்துக்கு நான் தயாரானேன். கூட வந்த நண்பர் கடலூர்க்காரர். அவர் பயிற்சி எடுத்தது கேப்பர் மலையில். அதை மலை என்று சொல்வது அந்த ஊரின் பெருமிதம், விட்டுவிடுவோம். எங்கள் இரண்டு பேர் பயிற்சியும் இரண்டாம் நாளே பல்லிளித்தது.

[காட்சி: தொங்குபாலம், கீழே தூத்கோசி ஆறு]

விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் பாதை 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங்குக்கு இறங்கிப் போகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். மறுநாள் ஆற்றைத் தொங்குபாலங்களில் மாறி மாறிக் கடந்து, உயரத்தில் ஆடும் ஹிலாரி பாலத்தையும் தாண்டிய பிறகுதான் வேலை ஆரம்பம். அங்கிருந்து 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜார் என்ற மலையூர் வரை ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றம். செஞ்சி ராஜகிரியை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டரை முறை அடுக்கிப் பாருங்கள்.

ஏற்றம் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். காற்றும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறது. நாம்சேயிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான், புதுச்சேரியில் இருப்பது போலவே. ஆனால் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைவு. நுரையீரலும் இதயமும் அதை ஈடுகட்ட வேகமெடுக்கின்றன. நாங்களோ கடற்கரைச் சாலை வேகத்திலேயே ஏறினோம்.

[காட்சி: கூடை சுமக்கும் தொழிலாளி, நெற்றியில் பட்டை]

இவரைப் பாருங்கள். கூடையின் மொத்தப் பாரமும் நெற்றிப் பட்டையில் தொங்குகிறது. கையில் கைப்பிடி அகலமான ஒரு கட்டைக் கம்பு. சில அடிகள் ஏறுவார்; கம்பைப் பின்னால் ஊன்றி, கூடையை அதன்மேல் நிறுத்தி, நின்றபடியே மூச்சு வாங்குவார். அவரை நாங்கள் மூன்று முறை முந்தினோம். நான்காவது முறை பாறையில் சாய்ந்து கிடந்த எங்களைத் தாண்டி அவர் போய்விட்டார்.

சரியான வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். துறைமுகத்தில் வஞ்சிரம் விற்கும் விலையை நண்பர் ஒரே மூச்சில் திட்டி முடித்தால், எங்கள் வேகம் சரி. "வஞ்" என்றதோடு நின்றுவிட்டால் அதிகம்.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர். அதனால்தான் அங்கே இரண்டு இரவு தங்கச் சொல்கிறார்கள். முதல் இரவு நண்பருக்குத் தலைவலி, குமட்டல்: உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் மலைநோயின் அறிகுறிகள். இந்த நிலையில் மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.

அவருக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. விடுதியில் பூண்டு சூப் கொடுத்தார்கள். அது மலைநோயைத் தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் வீட்டுப் பூண்டு ரசத்துக்கு ஈடும் இல்லை. மறுநாள் முழுவதும் ஓய்வு. சாயங்காலம் தலைவலி விட்டது. இரண்டு தட்டு பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, "இங்கே மீனே கிடைக்காதா?" என்று அவர் கேட்டார். மறுநாள் காலை கிளம்பினோம், கூடைக்காரருக்குப் பின்னால்.