குழந்தையைத் தூக்கிட்டு கிளம்புறது சுகமே!

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், உங்க எல்லாருக்கும் வணக்கம். அவ்ளோதான், இதுக்கு மேல வணக்கம் சொன்னா அதுலயே மணி அடிச்சுருவாரு நம்ம நடுவர்.

சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு சொந்தக்காரங்க வீடு, வெளியூர், பார்க்குன்னு கிளம்புறது சுகமா சுமையா, இதான் தலைப்பு. நான் சுகம்னு பேச வந்திருக்கேன். நியாயமா என்னென்ன சுகம்னு ஒரு லிஸ்ட் போட்டுட்டுதான் வந்தேன், ஆனா எனக்கு முன்னாடி பேசின அண்ணன் அந்த லிஸ்டை கிழிக்க வெச்சுட்டாரு. என்ன சொன்னாரு? "மூணு வயசு வரைக்கும் நடந்தது எதுவும் குழந்தைக்கு ஞாபகம் இருக்காது, ஞாபகமே இருக்காத ஆளை எதுக்கு மெனக்கெட்டு கூட்டிட்டுப் போகணும், அதுக்குப் பதிலா ஒரு சூட்கேஸைத் தூக்கிட்டுப் போங்க, அது அழாது, ஆய் போகாது"ன்னாரு. நீங்களும் தட்டுனீங்க கையை! கடைசி வரிசையில ஒருத்தர் எந்திரிச்சு நின்னே தட்டுனாரு, அவரு தோள்ல தூங்கிட்டிருந்த குழந்தை முழிச்சுக்கிச்சு, இப்ப வெளிய நின்னு ஆட்டிட்டு இருக்காரு. நல்லா வேணும்.

சரி, அண்ணன் சொன்னது பொய்யா? பொய்யில்ல, பாதி நெசம். பெரியவங்க நிறைய பேருக்கு நெனப்புல இருக்கிற முதல் சம்பவமே மூணு, மூணரை வயசுல நடந்ததாத்தான் இருக்கும். மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒரு இடம், நடந்ததை எல்லாம் சேத்து வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு, சின்ன வயசுல அது இன்னும் வளர்ந்துட்டே இருக்கு. இது வரைக்கும் படிச்சுட்டு அண்ணன் புத்தகத்தை மூடி வெச்சுட்டாரு, மீதியை நான் சொல்றேன். ரெண்டு வயசுக் குழந்தை போன மாசம் போன வீட்டை மறக்காது, அந்தத் தெரு திரும்பினாலே குதிக்கும். மூணு வயசுல பாத்ததை அஞ்சு ஆறு வயசுல கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்லும். எட்டு ஒன்பது வயசு ஆகும்போதுதான் அதுல நிறைய கரைஞ்சு போகுது. ஆக குழந்தைக்கு ஞாபகம் இருக்கு அண்ணே, வளர்ந்ததுக்கு அப்புறம்தான் மறந்து தொலைக்கிறோம். மறந்தது நீங்க, பழி குழந்தை மேலயா?

இன்னொண்ணு கேக்கறேன். நீங்க நடக்கக் கத்துக்கிட்டது ஞாபகம் இருக்கா? இல்ல. அப்ப இந்த மேடைக்கு எப்படி வந்தீங்க, சக்கரம் வெச்சு யாராவது உருட்டிட்டு வந்தாங்களா? நடந்துதானே வந்தீங்க! வந்து இவ்ளோ நேரம் பேசுனீங்களே, அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு? ஞாபகமே இல்லாத வயசுல உங்களை மடியில போட்டுக்கிட்டு அத்தையும் சித்தியும் தாத்தாவும் பேசிப் பேசி உள்ள போட்டு வெச்சது, அதை எடுத்துட்டு வந்து அவங்களுக்கு எதிராவே பேசுறீங்க! (தட்டுங்க, இதுக்குத் தட்டுங்க.)

சூட்கேஸுக்கே வரேன். ஒரு சூட்கேஸைக் கொண்டு போய் மாமனார் வீட்டு வாசல்ல வைங்க, உள்ளேருந்து என்ன குரல் வரும்? "எத்தன நாளு தங்கப் போறாங்களாம்?" அதே வாசல்ல குழந்தையை இறக்கி விடுங்க, "வந்துட்டான் வந்துட்டான்"னு ஓடி வருவாங்க, பின்னாடி ரெண்டு பையைத் தூக்கிட்டு மூச்சு வாங்க நிக்கிறீங்களே, நீங்க வந்ததையே அரை மணி நேரம் கழிச்சுதான் கவனிப்பாங்க.

கார்ல வாந்தி எடுக்கும்னு அந்த அணி அக்கா ஒருத்தங்க பேசுனாங்க. காது உள்ள இருக்கிற பேலன்ஸ் ஒண்ணு சொல்லும், கண்ணு வேற ஒண்ணு சொல்லும், அந்தக் குழப்பத்துல வர்றதுதான் பயண வாந்தி. அது ரெண்டு வயசுக்குள்ள பெரும்பாலும் வராது, அதுக்கு மேலதான் ஆரம்பிக்கும். அப்ப கணக்குப் பாருங்க, ஞாபகம் இருக்காதுன்னு நீங்க ஒதுக்கி வெச்ச வயசுல மொத ரெண்டு வருஷம் வாந்தியும் பெரும்பாலும் இல்ல, அந்த வயசுலயே கூட்டிட்டுப் போறதுதானே லாபம்! குழந்தை சொந்தக்காரங்க மூஞ்சியைப் பாத்து அழும், அவங்க கோவிச்சுக்குவாங்கன்னாங்க. ஏழு எட்டு மாசத்துல புது ஆளைப் பாத்தா அழறது நிறைய குழந்தைக்கு வர்றது, தெரிஞ்ச முகம் எது தெரியாத முகம் எதுன்னு பிரிச்சுப் பாக்குற அளவுக்கு மூளை தேறிடுச்சுன்னு அர்த்தம். உங்க மூஞ்சி சரியில்லன்னு அர்த்தம் இல்ல. (சில வீட்ல அதுவும் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.)

உலக சுகாதார நிறுவனம் 2019ல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க. ஒண்ணு ரெண்டு வயசுக் குழந்தை நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடி ஆடணும், தள்ளுவண்டியில சீட்ல எல்லாம் ஒரே மூச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல கட்டி வைக்கக்கூடாது, பகல் தூக்கத்தோட சேத்து 11லேர்ந்து 14 மணி நேரம் தூங்கணும். அவ்ளோதான் விஷயம், தூங்குற நேரம் பாத்து கிளம்புங்க, வழியில நிறுத்தி நிறுத்தி இறக்கி விடுங்க. நாலு மணி நேரத்துல போய்ச் சேந்தே ஆகணும்னு பல்லைக் கடிச்சுட்டு ஓட்டுறது யாரு, குழந்தையா? அந்தச் சுமை யாரு ஏத்துனது?

எதிரணி பேசினதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் சிரிக்காம எடுத்துக்கிட்டேன், அடுத்தவங்க வீட்ல குழந்தை எதை எடுத்து வாயில போடும்னு தெரியாதுன்னாங்களே, அது. ரிமோட்ல பொம்மையில இருக்கிற பட்டன் பேட்டரி உணவுக்குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்துரும், முழுங்கிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்காக யார் வீட்டுக்கும் போகாம இருக்க முடியுமா? உள்ள நுழைஞ்சதும் ரிமோட்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து பீரோ மேல வைங்க, அப்புறம் நலம் விசாரிங்க.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வரேன். வேணாம்னு கண்ணைக் காட்டுறாரு என் வீட்டுக்காரர், முன்வரிசைதான், நீலச் சட்டை. எல்லாரும் பாத்துக்கோங்க.

என் பையனுக்கு அப்ப மூணு வயசு. என் மாமனாரோட அண்ணன், எங்களுக்கெல்லாம் பெரிய மாமா, அவர் வீட்டுக்குப் போறோம். பெரிய மாமா தங்கமான மனுஷன், ஆனா பேச ஆரம்பிச்சா பேச்சு அவரைப் புடிச்சுக்குமா அவர் பேச்சைப் புடிச்சுக்குவாரான்னே தெரியாது, வந்தவங்க செருப்பை மாட்டிக்கிட்டு கேட்ல நிப்பாங்க, அங்கேயும் கூடவே வந்து பேசுவாரு. கார்ல போகும்போதே நீலச் சட்டை என்கிட்ட சொல்லுது, "பெரியப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, உக்காந்தோமா எந்திரிச்சோமான்னு வந்துரணும்." நான் பதிலே பேசல. பின்சீட்ல ஒருத்தன் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வரான், அவனும் ஒண்ணும் பேசல. அண்ணன் பாஷையில சொன்னா, சூட்கேஸ்!

உள்ள போனோம். கூடம் நிறைய ஆளு. நடுவுல போய் நின்னான் என் பையன். மொதல்ல சித்தப்பாகிட்ட போறான், "நீங்களா நிறுத்த மாட்டீங்க?" அவருக்குப் புரியல, சிரிக்கிறாரு. அடுத்து அத்தைகிட்ட, "நீங்களா நிறுத்த மாட்டீங்க?" நான் இவரைப் பாக்கறேன், இவரு சுவத்துல கடிகாரத்தைப் பாக்கறாரு. கடிகாரம் ஓடல! ஓடாத கடிகாரத்தை அவ்ளோ உன்னிப்பா பாத்த ஒரே மனுஷன் இவருதான். இவன் விடல, ஒவ்வொருத்தர் முட்டியையும் தொட்டு "நீங்களா, நீங்களா"ன்னு போறான், தேர்தல்ல ஓட்டு கேக்கற மாதிரி. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம், திரும்பச் சொல்றேன், முட்டியைத் தொட்டு, "நீங்களா நிறுத்த மாட்டீங்க?" கடைசியா ஈஸிசேர்ல பெரிய மாமா. இவன் இன்னும் வாயே தொறக்கல, அவர் கையைத் தூக்கிட்டாரு. "நான்தான்டா அது! யாரு சொன்னா?" பையன் திரும்பி விரலை நீட்டுறான்... நீலச் சட்டையைக் காணோம்! "கார் பூட்டினேனான்னு பாத்துட்டு வரேன்"னு வாசல்ல குரல் மட்டும் வருது.

பெரிய மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே, கண்ணுல தண்ணி வந்து மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. பையனைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, தான் வாலிப வயசுல தப்பான ரயில்ல ஏறித் தூங்கி, கடைசி ஸ்டேஷன்ல முழிச்ச கதையை ஆரம்பிச்சாரு பாருங்க, எங்க வீட்ல எல்லாரும் நூறு தடவை கேட்டு சலிச்ச கதை, இவன் வாயைப் பொளந்து கேக்குறான், முடிச்சதும் "இன்னொரு தடவை"ங்குறான். அந்த மனுஷன்கிட்ட அப்படிக் கேட்ட மொத ஆளு அவன்தான். அன்னையிலேர்ந்து அவருக்குப் பேரு "நிறுத்தாத தாத்தா". ஃபோன் பண்ணா அவரே "நிறுத்தாத தாத்தா பேசுறேன்"னுதான் ஆரம்பிப்பாரு.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. கை கால் கொஞ்சம் தேறிச்சு, பேச்சு திரும்பல. மூளையோட இடது பக்கம் பாதிச்சா சில பேருக்கு அப்படி ஆகுமாம், நாம சொல்றது புரியுது, அவர் சொல்ல நெனைக்கிறது உள்ள இருக்கு, வார்த்தைதான் வெளிய வரல. பாக்க வந்தவங்க எல்லாம் கட்டில் பக்கத்துல நின்னாங்க, அவர் பேசி இவங்க கேட்டே பழக்கம், என்ன பேசறதுன்னு தெரியாம அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டாங்க. குழந்தையைக் கூட்டிட்டு வராதீங்க, பயந்துக்கும்னு சொன்னாங்க. நாங்க கூட்டிட்டுப் போனோம்.

அஞ்சு வயசு. நேரா போய் கட்டில்ல ஏறி உக்காந்தான். கதைக்குக் காத்துட்டிருந்தான். வரல. "இன்னைக்கு தாத்தாவுக்கு லீவா? சரி நான் சொல்றேன்"னு ஆரம்பிச்சான், "ஒரு நாள் தாத்தா தப்பான பஸ்ல ஏறிட்டாராம்..." பெரிய மாமா நல்லா இருக்கிற கையால மெத்தையில படார்னு அடிச்சாரு, தலையை ஆட்டுறாரு இல்ல இல்லன்னு. "பஸ் இல்லையா? ஆங், ரயிலு!" இப்ப தலை ஆமான்னு ஆடுது. அப்படியே ஒவ்வொரு எடத்துலயும் இவன் தப்பா சொல்ல, அவர் அடிக்க, இவன் திருத்த... பெரிய மாமி சமையலறை வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. இவரும் அன்னைக்குக் கடிகாரத்தைப் பாக்கல.

அண்ணே, வளர்ந்தப்புறம் என் பையனுக்கு இது மறந்து போகலாம், சரி, ஒத்துக்கறேன். மறந்துட்டுப் போகட்டுமே! அந்த மனுஷன் அன்னைக்கு தன் கதையைத் தன் காதால கேட்டாரு. இதுக்கு என்ன ஆதாரம், எந்த ஆராய்ச்சின்னு கேட்டீங்கன்னா என்கிட்ட இல்ல, எனக்கு வேணவும் வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் போறோம், டயப்பர் வயசுல ரெண்டாவது ஒண்ணு இருக்கு, அதையும் தூக்கிட்டு, மூணு பையோட...

என்னது, மணி அடிச்சாச்சா? மறுபடியுமா? ஐயா, நான் வாக்கப்பட்ட குடும்பம் எதுன்னு இவ்ளோ நேரம் சொல்லியும் மணி அடிச்சா நிறுத்துவேன்னு நெனைக்கிறீங்களே! சரி சரி, முறைக்காதீங்க. நன்றி, வணக்கம்.