பெயர் போட்டுக் கேட்பது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. ரிக்வெஸ்ட் என்பது யாரும் யாரிடமும் வைக்கக்கூடிய வேண்டுகோள். அப்ளிகேஷன் என்பது ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் விதிப்படி, பெரும்பாலும் அச்சிட்ட படிவத்தில், நமக்குத் தகுதி உண்டு என்று காட்டிக் கேட்பது. அப்பீல் என்பது, சட்ட வழக்கில், ஒருவர் தந்துவிட்ட தீர்ப்பை அவருக்கு மேலே உள்ளவரிடம் கொண்டுபோவது. இந்தக் குடும்பத்தில் நான் நெடுநாளாகப் பின்தொடர்ந்து வரும் சொல் பெட்டிஷன். அதிகாரம் உள்ள ஒருவருக்கோ ஓர் அவைக்கோ, குறை இன்னது, வேண்டுவது இன்னது என்று எழுத்தில் சொல்லி, கேட்பவர் தம் பெயரைப் போட்டு முன்வைக்கும் முறையான வேண்டுகோளுக்கே அந்தப் பெயர். பெயரைப் போட்டு என்பதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்; இந்த உரையில் மறுபடியும் மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன்.

நம் பேச்சுவழக்கில் இந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. “அவர் மேல் யாரோ பெட்டிஷன் போட்டுவிட்டார்கள்” என்றால் நாம் புகார் என்றே புரிந்துகொள்கிறோம். அதிலும் மொட்டைப் பெட்டிஷன் என்று ஒன்றைச் சொல்கிறோமே, அது ஆங்கிலச் சொல்லின் பொருளோடு நேருக்கு நேர் முரண்படுவது. கையொப்பம் இல்லாத தாள் புகாராக இருக்கலாம், வதந்தியாகவும் இருக்கலாம். பதில் சொல்வதற்கு எதிரே ஆள் இல்லாதபோது அது பெட்டிஷன் ஆகாது.

சொல்லின் வேர் லத்தீன். பெடேரே என்ற அந்த வினைக்கு ஒன்றை நாடிச் செல்லுதல், வேண்டிக் கேட்டல் என்ற பொருள்களோடு தாக்குதல் என்ற பொருளும் உண்டு. பசியைக் குறிக்கும் அப்பெடைட், போட்டியைக் குறிக்கும் காம்பெடிஷன் ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. பணிவாகக் கேட்பதற்குள் முட்டி மோதுவதும் ஒளிந்திருப்பதை அதிகாரத்தில் இருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள் போலும். இங்கிலாந்தில் 1661-இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டின் சட்டத்தையோ அரசின் அமைப்பையோ மாற்றக் கேட்கும் பெட்டிஷனில், குறிப்பிட்ட அதிகாரிகளின் ஒப்புதல் இல்லாமல் இருபது பேருக்கு மேல் கையொப்பம் திரட்டக் கூடாது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் பத்துப் பேரைத் தாண்டக் கூடாது. அரசு அஞ்சியது தாளைக் கண்டு அன்று, தாளின் அடியில் வரிசையாக நிற்கும் பெயர்களைக் கண்டு.

இங்கே நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அது சற்று நீளும். 1688-ஆம் ஆண்டு இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், மதச் சலுகைப் பிரகடனம் ஒன்றைத் தேவாலயங்களில் வாசிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களை மன்னர் தாமாகவே நிறுத்திவைக்க முடியாது, ஆகவே இதை வாசிக்க எங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கேன்டர்பரி பேராயர் சான்கிராஃப்டும் ஆறு பிஷப்புகளும் பெட்டிஷன் எழுதினார்கள். அவர்கள் எதிர்த்தது பிற மதப் பிரிவினருக்குக் கிடைக்கவிருந்த சலுகையை. அந்த நோக்கத்தோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம், ஆனால் கேட்ட முறை வேறு செய்தி. பேராயரே தம் கைப்பட எழுதினார், ஏழு பேரும் கையொப்பமிட்டார்கள். ஆறு பிஷப்புகள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படித்த மன்னர், இது கலகக் கொடி என்று கொதித்தார். அரசுக்கு எதிரான அவதூறு என்று வழக்குப் போட்டு, ஏழு பேரையும் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பினார். விசாரணையில்தான் வேடிக்கை! அந்தக் கையொப்பங்கள் இவர்களுடையவைதாம் என்று நிறுவுவதற்கே அரசுத் தரப்பு திண்டாடியது. மன்னர் முன்னிலையில் இவர்கள் தங்கள் கையெழுத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று சாட்சி வந்த பிறகே வழக்கு நகர்ந்தது. ஜூரிகள் இரவெல்லாம் கூடிப் பேசி, ஜூன் 30-ஆம் நாள், குற்றவாளிகள் அல்லர் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னர் நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. 1689-இல் இயற்றிய உரிமைச் சட்டத்தில், மன்னருக்குப் பெட்டிஷன் அளிப்பது குடிமக்களின் உரிமை, அதற்காகச் சிறையில் அடைப்பதும் வழக்குத் தொடுப்பதும் சட்டவிரோதம் என்று எழுதி வைத்தார்கள். பணிந்து கேட்பதற்கான சொல் அன்றைக்கு உரிமையின் சொல்லாகவும் ஆயிற்று. 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலும் அதே சொல், வினைச்சொல்லாக, இடம்பெற்றது.

பெயரின் வலிமைக்கு ஓர் எதிர்மறைச் சான்றும் உண்டு. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் 1848-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த பெட்டிஷனில் 57 லட்சம் கையொப்பங்கள் இருப்பதாக அவர்கள் தலைவர் ஓ'கானர் சொன்னார். எண்ணிப் பார்த்தபோது இருபது லட்சத்துக்கும் குறைவு. அவற்றிலும் விக்டோரியா மகாராணி, வெலிங்டன் பிரபு ஆகியோரின் பெயர்களில் போலிக் கையொப்பங்கள்! கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் பொய்ப் பெயர்களைக் காட்டிச் சிரித்தே அதைத் தள்ளிவிட்டார்கள், உண்மையாகக் கையொப்பமிட்ட லட்சக்கணக்கான உழைப்பாளிகளையும் அதோடு சேர்த்து.

நீதிமன்றப் பயன்பாட்டை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. ரிட் மனு, கருணை மனு, தேர்தல் மனு என்று நாளிதழில் படிக்கிறோமே, அவையெல்லாம் ஆங்கிலத்தில் பெட்டிஷன்களே. அவற்றில் மனுதாரர் பெட்டிஷனர், எதிர்மனுதாரர் ரெஸ்பாண்டன்ட். சாதாரண உரிமையியல் வழக்கில் வரும் வாதி, பிரதிவாதி என்பவற்றை இவற்றோடு கலக்கக் கூடாது. மனுவின் இறுதியில் வேண்டுவதைத் திட்டமாகச் சொல்லும் பகுதிக்குப் பிரேயர் என்று பெயர். வழிபாட்டுக்கு உரிய அதே சொல்தான்.

இன்னும் ஒன்று, வினைச்சொல்லாக எழுதும்போது பலர் இடறும் இடம். யாரிடம் கேட்கிறோமோ அவருக்கு முன்னால் ‘டு’ போட வேண்டியதில்லை. ‘பெட்டிஷன் த கோர்ட்’ என்று நேராகவே எழுதலாம். கேட்கும் பொருளுக்கு முன்னால் ‘ஃபார்’ வரும், எதிர்ப்பதற்கு முன்னால் ‘அகெய்ன்ஸ்ட்’ வரும். இணையத்தில் திரட்டும் பெட்டிஷன்களைப் பற்றி ஒரே வரி: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தளத்தில் 10,000 பேர் கையொப்பமிட்டால் அரசு பதில் தரும், 1,00,000 ஆனால் அவையில் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆனால் அங்கும் பெயர் கொடுத்து, மின்னஞ்சல் வழியே அதை உறுதிசெய்தால்தான் கையொப்பம் கணக்கில் ஏறும்.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.