சூரிகோவின் வண்டி ஓடுகிறது

நேயர்களுக்கு வணக்கம். ரஷ்ய ஓவியர் வாசிலி சூரிகோவ் 1887-இல் முடித்த ‘சீமாட்டி மொரோசோவா’ மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரம், ஏறத்தாழ ஆறு மீட்டர் அகலம்.

சிலுவைக் குறியை இனி மூன்று விரல்களால்தான் இட வேண்டும் என்றது பதினேழாம் நூற்றாண்டு ரஷ்யத் திருச்சபை. இரண்டு விரல்தான் எங்கள் வழக்கம் என்றவர்களில் ஒருவர் மொரோசோவா. 1671-இல் கைதானார். படத்தில் அவரை விலங்கிட்டு, வைக்கோல் பரப்பிய பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றித் தெருவழியே கொண்டுபோகிறார்கள். அவர் கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டுகிறார்.

இதில் நான் ஓயாமல் பேசுவது அந்த வண்டியைப் பற்றித்தான். வண்டி ஓட வேண்டும். இல்லையென்றால் படமே இல்லை. ஆரம்பத்தில் அது ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. சூரிகோவ் கித்தானின் கீழ்ப்புறம் துண்டு சேர்த்துத் தைத்தார். வண்டிக்குப் பின்னால் வெறும் பனி விரிந்தது, சறுக்குக் கட்டைகளின் தடம் நீண்டது, பக்கத்தில் ஒரு சிறுவன் ஓடினான். வண்டி நகர்ந்தது! டால்ஸ்டாயும் அவர் மனைவியும் படத்தைப் பார்த்துவிட்டு, கீழ்ப்பகுதி வேண்டாம், வெட்டிவிடலாம் என்றார்களாம். சூரிகோவே சொன்னது இது. அங்கே எதையும் குறைக்க முடியாது, குறைத்தால் வண்டி ஓடாது என்பது அவர் கட்சி. டால்ஸ்டாய் சொன்னாலும் நான் சூரிகோவ் பக்கம்தான். ஒன்றுமே இல்லாததுபோல் கிடக்கும் அந்தப் பனிதான் வண்டியைத் தள்ளுகிறது.

இனி நிறம். பனியில் ஒரு சிறகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த காகத்தை ஒருமுறை சூரிகோவ் பார்த்தார். அந்தக் கறுப்புப் புள்ளி பல ஆண்டுகள் அவர் மனதைவிட்டு அகலவில்லை. அதுதான் கறுப்பு உடையில் மொரோசோவா. சுற்றிலும் இருக்கும் பனி வெறும் வெள்ளை அல்ல. வெயில் நாளில் வெள்ளைச் சுவரில் விழும் நிழலை உற்றுப் பாருங்கள், நீலம் தெரியும். அந்த நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்பும் இந்தப் பனியில் இருக்கின்றன. நீல மேலங்கியும் மஞ்சள் முக்காடுமாக ஒரு பெண் தலைகுனிந்து நிற்கிறாள். அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு இன்னும் கறுக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டது, மொரோசோவாவின் முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டத்தை முதலில் தீட்டிவிட்டார். எந்த முகத்தை வைத்தாலும் கூட்டம் அதை விழுங்கிவிட்டது. பிறகு யூரல் மலைப் பகுதியிலிருந்து வந்த, பழைய வழக்கத்தைப் பின்பற்றும் ஒரு பெண்ணைத் தோட்டத்தில் உட்காரவைத்து இரண்டு மணி நேரத்தில் வரைந்தார். அந்த முகத்தைப் படத்தில் வைத்ததும் அவள் எல்லாரையும் வென்றுவிட்டாள் என்றார். வலப்பக்கம் பனியில் வெறுங்காலோடு உட்கார்ந்து அதே இரண்டு விரலைக் காட்டும் பித்தரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். வணக்கம்.