மலைக்கடியில உக்காந்து வெயில எண்றவங்க

வணக்கங்க. நான் மன்னார்குடி பக்கம், காலேஜ்ல பிசிக்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவன். போன வாரம் ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணி சயின்ஸ்ல ஏதாவது பேசுங்க சார்னாங்க, சரி மியூவான்ங்குற பொடித் துகளப் பத்தி பேசிடுவோம்னு வந்துட்டேன், பேரு புதுசா இருக்கேன்னு ரேடியோவ அணைச்சிடாதீங்க, இந்த நிமிஷம் கூட அது உங்க உடம்புக்குள்ள பூந்து போய்க்கிட்டுதான் இருக்கு.

விண்வெளியிலேர்ந்து வர்ற கதிரு, பெரும்பாலும் புரோட்டான், ஒரு 15 கிலோமீட்டர் உயரத்துல காத்துல மோதி செதறும். அந்தச் செதறல்ல பயான்னு ஒரு துகள் பொறக்கும், அது சிதைஞ்சா வர்றதுதான் மியூவான். எலக்ட்ரானோட அண்ணன்னு வெச்சுக்குங்க, எடை மட்டும் 207 மடங்கு. மொட்டமாடியில ஒரு கோரைப்பாய விரிச்சீங்கன்னா, ரெண்டு சதுர மீட்டர் வரும்ல, அது மேல நிமிஷத்துக்கு சுமார் 20,000 விழுது.

டார்க் மேட்டர்னு கண்ணுக்குத் தெரியாத பொருளு, நியூட்ரினோன்னு எதுலயும் பட்டும் படாமப் போற துகளுன்னு தேடுறவங்களுக்கு இது பெரிய ரோதனை. கெட்டிமேளம் கொட்டுறப்ப காதுல ரகசியம் சொன்னா கேக்குமா? அதான் அவங்கல்லாம் பூமிக்கடியில போயி ஒளிஞ்சுக்குறாங்க. சாதாரண மியூவான நிறுத்த ஒரு 30 அடி மண்ணு போதும், ஆனா வேகம் கூடுன மியூவான் கிலோமீட்டர் கணக்குல பாறையத் தொளைச்சுட்டு வந்துடும். (நம்ம டெல்டால 30 அடி தோண்டுறதுக்குள்ள ஊத்து வந்து குழியே ரொம்பிடும், அதனால லேப் நம்ம ஊருக்கு வராது, ஆசப்படாதீங்க.)

எண்றது எப்புடின்னா, மியூவான் பட்டா மினுக்குனு ஒளி விடுற பிளாஸ்டிக் பலகை இருக்கு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு வெப்பாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல மினுக்குனாத்தான் கணக்கு, ஒத்தச் சாட்சிய நம்ப மாட்டாங்க.

இதுல நம்மாளுங்க ஒண்ணும் கொறச்சல் இல்ல. கோலார் தங்கச் சுரங்கத்துல, நம்ம தமிழ் சனங்க தலைமுறை தலைமுறையா எறங்கி வேல பாத்த அதே சுரங்கத்துல, டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1950கள்லயே கருவிய எறக்கி ஒவ்வொரு ஆழத்துலயும் எவ்ளோ மியூவான்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஆழம் போகப் போக கொறைஞ்சுக்கிட்டே வந்து, ரொம்ப அடியில வாரக்கணக்கா காத்துக் கெடந்தும் ஒண்ணுகூட பதிவாகல. வேற ஆளா இருந்தா மூட்டையக் கட்டியிருப்பான். இவங்களுக்குத் தோணுனது வேற, இவ்ளோ அமைதியான எடம்னா நியூட்ரினோவ இங்கதானய்யா புடிக்கணும்னு. ஜப்பான் ஒசாகா, இங்கிலாந்து டர்ஹாம் யுனிவர்சிட்டிக்காரங்களும் கூடச் சேர, 1965ல ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ, காத்து மண்டலத்துல பொறந்த நியூட்ரினோ வந்து மோதுன தடம் கெடச்சுது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கா தங்கச் சுரங்கம் ஒண்ணுலயும் வேற குழு புடிச்சுது. கோலார் சுரங்கத்த 2001ல மூடிட்டாங்க, அத நெனச்சா எனக்கு இன்னும் ஆத்தாமையாதான் இருக்கு.

இத்தாலியில கிரான் சாசோன்னு ஒரு மலை, அதுக்கடியில லேப், தலைக்கு மேல 1400 மீட்டர் பாறை. நம்ம பாய அங்க விரிச்சா மணிக்கு ரெண்டு மூணு விழுந்தா பெருசு. அந்த ரெண்டு மூண வருஷக்கணக்கா எண்ணிப் பாத்தா கோடையில கொஞ்சம் கூடுது, குளிர்ல கொறையுது, சராசரியிலேர்ந்து ஒரு பர்சன்ட் சொச்சம். ஏன்னு கேட்டீங்கன்னா, கோடையில மேல்காத்து சூடாகி விரிஞ்சு லேசாயிடும், பயான் இன்னொன்னு மேல முட்டிக்காம கொஞ்ச தூரம் ஓடி சிதையும், வேகமான மியூவான் கூடும். வெளிச்சமே இல்லாத குகைக்குள்ள உக்காந்துக்கிட்டு மேல வானம் எவ்ளோ சூடுன்னு சொல்லிடுறான் பாருங்க! உச்சம் எப்பன்னா ஜூலை வாக்குல, மேட்டூர்ல ஜூன் 12 தொறந்த தண்ணி நமக்கு கடைமடைக்கு வந்து சேருமா சேராதான்னு வாய்க்கால்ல நின்னு பாக்குற நேரம்.

நம்ம தலைக்கு மேல இருக்குற மேல்காத்துக்கு இந்த ஆட்டம் ரொம்பக் கம்மிங்க. நமக்குத்தான் வருஷம் பூரா கோடையாச்சே. வரேங்க, வணக்கம்.