பறவைப் படத்துக்கு எப்படிப் புள்ளி போடுவது?

நேயர்களுக்கு வணக்கம். பறவைப் படப் போட்டிகளில் நடுவராக இருப்பவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தைக் காட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல ஷார்ப்பா இருக்குதா?" என்றுதான். இருக்கத்தான் வேண்டும், முக்கியமாகக் கண்ணில். சிறகு நுனி கலங்கினால் பரவாயில்லை. கண் கலங்கினால் படம் போச்சு. அந்தக் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழுந்திருந்தால் பறவைக்கு உயிர் வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு மட்டக்களப்பின் அமைப்பே கைகொடுக்கும். காலையில் எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில் நின்று, முதுகில் வெயில் பட வாவியைப் பாருங்கள். பறவை மேல் நேராக ஒளி விழும். மாலையில் அதே இடம் எதிர்வெயில், நீர்க்காகம் வெறும் கறுப்பு உருவமாகத்தான் வரும். வேண்டுமென்றே அப்படி எடுத்தால் அது வேறு கதை. உச்சி வெயிலில் எடுத்த கொக்குதான் என்னிடம் அதிகம் தோற்கிறது. பின்னால் கறுத்துக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துக் கமரா தானாக ஒளியைக் கூட்டிவிடும், இறகு வெள்ளைத்தாளாகிவிடும். கொஞ்சம் ஒளியைக் குறைத்து எடுத்தால் இழை இழையாகத் தெரியும். வெளிறிப்போன இழையைப் பிறகு கணினியில் மீட்க முடியாது.

சரி, இதெல்லாம் கைப்பழக்கத்தில் வரும். நான் அதிக நேரம் பார்ப்பது, எடுத்தவர் அந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான். அது படத்திலேயே தெரிந்துவிடும். "பறக்கும் நாரை" என்று ஒரு படம் வரும். வாலும் காலும் நம் பக்கம், தலை அந்தப் பக்கம். பெரும்பாலும் தோணியைக் கிட்டக் கொண்டுபோய்க் கிளப்பிவிட்டிருப்பார்கள். கழுத்தை விறைத்து, இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு கமராவையே பார்க்கும் பறவையும் பயந்த பறவைதான்.

பொத்துவில், குமணைப் பக்கம் மஞ்சள் மூக்கு நாரையைப் பார்த்திருப்பீர்கள். சொண்டை அரைவாசி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இரு பக்கமும் அளைந்தபடி நடக்கும். மீனைக் கண்ணால் தேடுவதைவிடச் சொண்டில் பட்டதும் டக்கென்று மூடிப் பிடிப்பதுதான் அதன் வழக்கம். அந்த அளைதல் படத்தில் இருந்தால், எடுத்தவர் சேற்றுக்கரையில் அசையாமல் குந்தியிருந்தார் என்று விளங்கும். கமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கியிருந்தால் இன்னும் நல்லது. நின்றபடி எடுத்தால் முதுகும் சேறும்தான் மிஞ்சும். பறவை படத்தில் சிறிதாக விழுந்திருந்தாலும், கிட்ட எடுத்த பயந்த பறவையைவிட இதற்குத்தான் என் புள்ளி.

பறவைக் கூட்டை எடுத்த படங்களுக்கு நான் புள்ளி போடுவதே இல்லை. மறைத்த கொப்பை விலக்கிவிட்டால் குஞ்சு வெயிலுக்கும் காகத்துக்கும் இரை.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில், 2009ஆம் ஆண்டு முதற்பரிசு வேலிக்கதவைத் தாண்டும் ஓநாய்ப் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவெடுத்து, 2010இல் பரிசைப் பறித்தார்கள். அழகில் அந்தப் படத்துக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால், படம் அனுப்பும்போது எங்கே, எப்படி எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். மீன்கொத்திக்கு மீன் போட்டு வரவழைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். ஒரே கொப்பு, ஒரே மீன், ஒரே கோணம் என்று பல பேரிடமிருந்து படம் வரும்போது எங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். வணக்கம்.